முப்பது வெள்ளிக்காசுக்கு யூதாஸ் விற்றது என்ன?

தமிழ்நாட்டில் பல கிறிஸ்தவ வீடுகளில் சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒரு படம் மாட்டியிருக்கும். நீளமான மேசை, நடுவில் இயேசு, இரண்டு பக்கமும் பன்னிரண்டு சீடர்கள். இத்தாலியின் மிலான் நகரில் ஒரு மடத்தின் உணவுக்கூடச் சுவரில் லியோனார்டோ டாவின்சி 1490-களில் வரைந்த ஓவியத்தின் நகல் அது.

அந்தப் படத்தில் யூதாஸ் எங்கே இருக்கிறான் என்று கேட்டால் பலருக்கும் உடனே காட்டத் தெரியாது. டாவின்சிக்கு முன்பு இந்தக் காட்சியை வரைந்த ஓவியர்களில் பலர் யூதாஸை மேசையின் எதிர்ப்பக்கத்தில் தனியாக உட்கார வைத்தார்கள். பார்த்ததுமே "இவன்தான் அவன்" என்று தெரிந்துவிடும். டாவின்சி அப்படிச் செய்யவில்லை. மற்ற சீடர்களோடு ஒரே வரிசையில், பேதுருவுக்கும் யோவானுக்கும் பக்கத்திலேயே உட்கார வைத்தார். கையில் இறுக்கிப் பிடித்திருக்கும் பணப்பையை வைத்துத்தான் அவனைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பைபிளில் உள்ள கதைக்கு டாவின்சியின் படமே நெருக்கமானது. அங்கேயும் கடைசி நிமிடம் வரை யாராலும் யூதாஸை அடையாளம் காண முடியவில்லை. துரோகம் செய்தவன் வெளியாள் அல்ல, கூட உட்கார்ந்து சாப்பிட்டவன். தமிழில் இதற்கு ஒரு பழமொழியே இருக்கிறது: உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்வது.

இரண்டாயிரம் ஆண்டுகளாக உலகம் இந்தத் துரோகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் எல்லோரும் கேட்கும் கேள்வி "ஏன் செய்தான்?" என்பதுதான். ஆனால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. முப்பது வெள்ளிக்காசு கைமாறியது என்றால் அது ஒரு வியாபாரம். வியாபாரத்தில் பணத்துக்குப் பதிலாக ஒரு பொருள் கொடுக்கப்பட வேண்டும். அப்படியானால் யூதாஸ் விற்றது என்ன?

யார் இந்த யூதாஸ்?

யூதாஸ் என்பது அந்தக் காலத்து யூதர்களிடையே மிகச் சாதாரணமான பெயர். யாக்கோபின் பன்னிரண்டு மகன்களில் ஒருவரான யூதாவின் பெயர்தான் அது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அந்நிய ஆட்சியை எதிர்த்துப் போராடிய யூதாஸ் மக்கபே என்ற வீரனால் அந்தப் பெயருக்குப் பெருமையும் சேர்ந்திருந்தது. இயேசுவின் பன்னிரண்டு சீடர்களிலேயே இரண்டு பேருக்கு அந்தப் பெயர் உண்டு என்கிறார் லூக்கா. இன்னொருவர்தான் யூதா ததேயு என்று கத்தோலிக்கர்கள் வணங்கும் புனிதர். அவர் பெயரில் தமிழ்நாட்டிலும் ஆலயங்கள் இருக்கின்றன.

இவனைப் பிரித்துக் காட்டத்தான் "இஸ்காரியோத்து" என்ற அடைமொழி. "கெரியோத் ஊர்க்காரன்" என்பது அதற்குப் பலரும் சொல்லும் பொருள். அது சரியென்றால், கலிலேயாவைச் சேர்ந்த மற்ற சீடர்களிடையே தெற்கே யூதேயாவிலிருந்து வந்தவன் இவன் ஒருவனாக இருக்கலாம். ரோமர்களுக்கு எதிராகக் கத்தி எடுத்த "சிகாரி" கூட்டத்தோடு அந்தச் சொல்லை இணைப்பவர்களும் உண்டு. ஆய்வாளர்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை.

அவனுக்கு ஒரு பொறுப்பும் கொடுக்கப்பட்டிருந்தது. குழுவின் பொதுப் பணப்பை அவனிடம்தான் இருந்தது என்று யோவான் எழுதுகிறார். இன்றைய பேச்சில் சொன்னால் பொருளாளர். அதே யோவான் அவன் அந்தப் பையிலிருந்து திருடினான் என்றும் சொல்கிறார். ஆனால் இது பிறகு திரும்பிப் பார்த்து எழுதியது. அன்று மற்றவர்களுக்கு அப்படிச் சந்தேகம் இருந்திருந்தால் பையை அவனிடம் விட்டுவைத்திருப்பார்களா? எந்தச் சங்கமாக இருந்தாலும் எல்லோரும் நம்பும் ஆளைத்தானே பொருளாளர் ஆக்குவார்கள்!

அந்த இரவு

நடந்தது ஏறக்குறைய கி.பி. 30-ஐ ஒட்டிய ஆண்டுகளில். ரோமப் பேரரசின் சார்பில் யூதேயாவை ஆண்டவர் பொந்தியு பிலாத்து. அவருடைய பதவிக்காலம் கி.பி. 26 முதல் 36 வரை. தலைமைக் குரு காய்பா. பஸ்கா பண்டிகைக்காக எருசலேமில் பெருங்கூட்டம் கூடியிருந்தது.

இயேசுவைக் கைது செய்ய வேண்டும் என்று குருமார்கள் முடிவு செய்துவிட்டார்கள். ஆனால் ஒரு சிக்கல். பகலில் கோவில் வளாகத்தில் அவரைச் சுற்றி எப்போதும் ஜனங்கள். அங்கே கை வைத்தால் கலவரம் வரும். கலவரம் வந்தால் ரோமப் படை இறங்கும். ஆகவே கூட்டம் இல்லாத நேரத்தில், கூட்டம் இல்லாத இடத்தில் பிடிக்க வேண்டும். யூதாஸ் அவர்களிடம் போனது இந்தச் சமயத்தில்தான்.

அதற்குப் பிறகு அவன் திரும்பி வந்து மற்றவர்களோடு சாப்பிட உட்கார்ந்தான். உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று சாப்பாட்டின் நடுவே இயேசு சொல்கிறார். அப்போது யாரும் யூதாஸைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் "நானா?" என்று தன்னைப் பற்றியே கேட்டார்கள் என்று மாற்கு எழுதுகிறார். இயேசு அப்பத் துண்டு ஒன்றைத் தோய்த்து அவனுக்குக் கொடுத்தார் என்கிறார் யோவான். கைக்கு எட்டும் தூரத்தில் அவன் இருந்திருக்கிறான். அவன் எழுந்து வெளியே போனபோதும் பண்டிகைக்கு ஏதோ வாங்கப் போகிறான், அல்லது ஏழைகளுக்குக் கொடுக்கப் போகிறான் என்றே மற்றவர்கள் நினைத்தார்கள். பணப்பை அவனிடம் இருந்ததே காரணம்.

சாப்பாடு முடிந்து இயேசுவும் மற்ற சீடர்களும் ஒலிவ மலையடிவாரத்தில் கெத்செமனே என்ற தோட்டத்துக்குப் போனார்கள். அங்கே அவர் ஜெபம் செய்தார். பேதுரு உட்பட மூன்று பேரை விழித்திருக்கச் சொன்னார். அவர்கள் தூங்கிவிட்டார்கள். பிறகு வாள்களோடும் தடிகளோடும் ஒரு கூட்டம் வந்தது. முன்னால் யூதாஸ்.

பஸ்கா பௌர்ணமியில் வரும் பண்டிகை. ஆனாலும் மரங்கள் அடர்ந்த தோட்டத்தில், பத்துப் பன்னிரண்டு பேர் நிற்கும் இடத்தில், போட்டோ என்ற ஒன்றே இல்லாத காலத்தில், யாரைப் பிடிப்பது என்று காவலர்களுக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் அடையாளம். சீடன் குருவுக்கு முத்தமிட்டு வணக்கம் சொல்வது அந்தக் காலத்து மரியாதை. அந்த மரியாதையையே அடையாளமாக ஆக்கினான் யூதாஸ்.

அப்போது இயேசு அவனைத் தோழன் என்று அழைத்ததை மத்தேயு மட்டும் பதிவு செய்திருக்கிறார். பழைய தமிழ் பைபிளில் அந்தச் சொல் "சிநேகிதனே" என்று இருக்கிறது. கிரேக்க மூலத்தில் உள்ள சொல் உயிர் நண்பனைக் குறிப்பது அல்ல, கூட இருக்கும் தோழனைக் குறிப்பது. மத்தேயுவின் நூலில் அந்த விளி மூன்றே இடங்களில் வருகிறது. கூலி போதவில்லை என்று முணுமுணுத்த திராட்சைத் தோட்டத் தொழிலாளியிடம் ஒரு முறை. கல்யாண உடை இல்லாமல் விருந்துக்கு வந்தவனிடம் ஒரு முறை. மூன்றாவது யூதாஸிடம். மூன்று இடத்திலும் தவறு அழைக்கப்பட்டவன் பக்கம். மூன்று இடத்திலும் அழைப்பவர் அவனைத் தோழன் என்றே சொல்கிறார்.

முப்பது காசின் கணக்கு

முப்பது என்ற எண்ணைச் சொல்வதும் மத்தேயு ஒருவரே. மாற்குவும் லூக்காவும் பணம் கொடுப்பதாகப் பேசினார்கள் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

எருசலேம் கோவிலில் அப்போது புழங்கிய நல்ல வெள்ளி நாணயம் தீரு நகரத்துச் சேக்கல். இந்தக் காசுகள் அவைதான் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஒன்று சுமார் 14 கிராம். முப்பது காசுக்கு ஏறக்குறைய 420 கிராம் வெள்ளி. ஒரு சேக்கல் நான்கு தெனாரியத்துக்குச் சமம். ஒரு தெனாரியம் ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. இதுவும் மத்தேயு எழுதிய திராட்சைத் தோட்டக் கதையிலேயே வருகிறது. ஆக முப்பது காசு என்பது 120 நாள் கூலி.

இன்றைய கணக்கில் பார்த்தால், காக்களூர் தொழிற்பேட்டையில் நாள் கூலிக்குப் போகும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 72,000 ரூபாய். நான்கு மாத வருமானம். சின்னத் தொகை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் ஒரு மனிதனின் வாழ்க்கையை மாற்றிவிடும் தொகையும் அல்ல. ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கலாம்.

இதோடு இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சில நாட்களுக்கு முன்பு பெத்தானியாவில் மரியாள் என்ற பெண் விலை உயர்ந்த நறுமணத் தைலத்தை இயேசுவின் பாதத்தில் ஊற்றினாள். இதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று யூதாஸ் ஆட்சேபம் செய்தான் என்கிறார் யோவான். அதன் மதிப்பு என்று அவன் சொன்ன தொகை 300 தெனாரியம். அதாவது ஒரு வேளை ஊற்றித் தீர்ந்த தைலத்தின் விலையில் பாதிகூட அவன் தன் குருவுக்காக வாங்கவில்லை!

பழைய ஏற்பாட்டில் முப்பது சேக்கலுக்கு ஒரு பொருள் உண்டு. ஒருவனுடைய மாடு இன்னொருவனின் அடிமையை முட்டிக் கொன்றுவிட்டால் மாட்டுக்காரன் கட்ட வேண்டிய நஷ்டஈடு அது என்று யாத்திராகமச் சட்டம் சொல்கிறது. சகரியா தீர்க்கதரிசியின் நூலில் ஒரு மேய்ப்பனுக்குக் கேலியாகக் கொடுக்கப்படும் கூலியும் முப்பது வெள்ளிதான். மத்தேயு இந்த எண்ணை எழுதும்போது படிக்கும் யூதர்களுக்கு இவை எல்லாம் நினைவுக்கு வந்திருக்கும்.

அப்படியானால் விற்ற சரக்கு எது?

இயேசு யாருக்கும் தெரியாமல் ஒளிந்து வாழ்ந்தவர் அல்ல. பகலில் கோவிலில் வெளிப்படையாகப் பேசியவர். என்னை அங்கேயே பிடித்திருக்கலாமே என்று அவரே அந்தக் கூட்டத்திடம் கேட்கிறார். அவருடைய போதனை ரகசியம் அல்ல. அவருடைய ஊர் ரகசியம் அல்ல. பிறகு குருமார்கள் பணம் கொடுத்து வாங்கியது எதை?

பதில் யோவானின் நூலில் ஒரு சின்னக் குறிப்பாக இருக்கிறது. இயேசு தன் சீடர்களோடு அடிக்கடி அந்தத் தோட்டத்தில் கூடுவது வழக்கம். ஆகவே அந்த இடம் யூதாஸுக்குத் தெரியும்.

அவ்வளவுதான்! கூட்டம் கலைந்த பிறகு அவர் எங்கே போவார், யாரோடு இருப்பார், இருட்டில் எந்த உருவம் அவருடையது. இவை எந்த ஒற்றனுக்கும் கிடைக்காத தகவல்கள். ஒன்றாக நடந்து, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகத் தூங்கியவனுக்கு மட்டுமே தெரிந்தவை. யூதாஸ் விற்ற சரக்கு அதுதான். நட்பின் வழியாக அவனுக்கு இலவசமாகக் கிடைத்த அறிவை அவன் விலைக்குக் கொடுத்தான்.

எதிரியால் இதைச் செய்ய முடியாது. அவனிடம் அந்தச் சரக்கே இல்லை. நண்பன் செய்யும் துரோகம் மட்டும் ஏன் வேறு மாதிரி வலிக்கிறது என்பதற்கும் காரணம் இதுதான். நம்பிச் சொன்னவையே ஆயுதமாகத் திரும்பி வருகின்றன.

தாவீதின் ஆலோசகன்

பைபிளில் இது முதல் முறை அல்ல. யூதாஸுக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கதை ஒன்று சாமுவேலின் இரண்டாம் நூலில் இருக்கிறது.

தாவீது ராஜாவுக்கு அகித்தோப்பேல் என்று ஓர் ஆலோசகர். அவர் சொல்லும் ஆலோசனை கடவுளிடம் கேட்டு வாங்கியதைப் போல மதிக்கப்பட்டது. தாவீதின் மகன் அப்சலோம் கலகம் செய்தபோது அகித்தோப்பேல் அந்தப் பக்கம் போய்விட்டார். தாவீது தலையை மூடிக்கொண்டு, வெறுங்காலோடு, அழுதுகொண்டே ஒலிவ மலைமேல் ஏறினார். நண்பன் போய்விட்டான் என்ற செய்தி அந்தப் பயணத்தில்தான் அவருக்கு வருகிறது. இயேசு கைதான தோட்டமும் அதே மலையின் அடிவாரம்தான்.

அகித்தோப்பேல் அப்சலோமுக்குச் சொன்ன யோசனை மிகக் கூர்மையானது. இன்று இரவே துரத்துங்கள், தாவீது களைத்துப் போயிருப்பார், அவர் ஒருவரை மட்டும் வெட்டினால் போதும் என்றார். தாவீது எப்போது தளர்ந்து போவார் என்பது கூடவே இருந்தவருக்குத்தானே தெரியும்! ஆனால் தாவீது அனுப்பிய ஊசாய் என்ற இன்னொரு நண்பர் அப்சலோமின் மனதை மாற்றிவிட்டார். தன் யோசனை ஏற்கப்படவில்லை என்று கண்டதும் அகித்தோப்பேல் கழுதையில் சேணம் கட்டி ஊருக்குப் போனார். வீட்டுக் காரியங்களை ஒழுங்கு செய்துவிட்டுத் தூக்கிட்டுக்கொண்டார்.

அவர் ஏன் மாறினார் என்று பைபிள் நேரடியாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு குறிப்பு கிடைக்கிறது. தாவீது அபகரித்த பத்சேபாளின் தகப்பன் பெயர் எலியாம். அதே நூலில் இன்னோர் இடத்தில் எலியாம் என்பவர் அகித்தோப்பேலின் மகன் என்று வருகிறது. இருவரும் ஒருவரே என்றால் பத்சேபாள் அவருடைய பேத்தி. அப்போது துரோகத்தின் முதல் அடியை எடுத்து வைத்தது தாவீது என்றுகூடச் சொல்லலாம்!

தன்னுடைய அப்பத்தைச் சாப்பிட்ட நண்பனே தன்னை உதைக்கக் காலைத் தூக்கினான் என்ற புலம்பல் சங்கீதம் 41-ல் இருக்கிறது. கடைசி இராவுணவில் இயேசு நினைவுபடுத்துவது இதைத்தான்.

"காட்டிக்கொடுத்தல்" என்ற தமிழ்ச் சொல்

இந்தக் கதை தமிழில் அச்சானது முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு. ஜெர்மனியைச் சேர்ந்த சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். நான்கு நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும் அங்கேயே 1714-ல் அச்சாகின. 1715-ல் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அது. பதினெட்டாம் நூற்றாண்டில் பப்ரிசியுஸ், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பவர் ஆகியோர் மொழிபெயர்ப்பைத் திருத்தினார்கள். 1995-ல் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு வந்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. யூதாஸ் செய்ததைச் சொல்லக் கிரேக்க மூலம் பயன்படுத்தும் வினைச்சொல்லுக்கு "ஒப்படைத்தல்" என்பதே பொருள். துரோகம் என்ற நிறம் அதில் இல்லை. துரோகி என்ற பொருள் தரும் தனிச் சொல்லை லூக்கா மட்டும் ஒரே ஒரு முறை யூதாஸுக்குப் பயன்படுத்துகிறார். மற்றபடி ஒரே வினைச்சொல்தான். யூதாஸ் குருமார்களிடம் ஒப்படைத்தான், குருமார்கள் பிலாத்துவிடம் ஒப்படைத்தார்கள், பிலாத்து சிப்பாய்களிடம் ஒப்படைத்தான். கடவுள் தன் மகனை நம் எல்லோருக்காகவும் ஒப்படைத்தார் என்று பவுல் எழுதும்போதும் அதே சொல்தான்.

தமிழில் இவை பிரிந்துவிட்டன. பரவலாக வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பில் குருமார்களும் பிலாத்துவும் செய்வது "ஒப்புக்கொடுத்தல்". கடவுள் செய்வதும் அதுவே. யூதாஸ் செய்வது மட்டும் "காட்டிக்கொடுத்தல்".

காட்டி, கொடுத்தல். முதலில் காட்ட வேண்டும். காட்டுவதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருக்க வேண்டுமானால் நெருங்கியிருக்க வேண்டும். கிரேக்கத்தில் இல்லாத இந்தக் கூடுதல் பொருள் தமிழ்ச் சொல்லில் இருக்கிறது. யூதாஸ் விற்றது என்ன என்ற கேள்விக்கு அந்த மொழிபெயர்ப்பாளர்கள் தேர்ந்த சொல்லிலேயே பாதி விடை கிடைத்துவிடுகிறது.

தமிழ் மண்ணில்

தமிழில் துரோகி என்றால் உடனே வரும் பெயர் எட்டப்பன். ஆனால் எட்டயபுரம் பாளையக்காரர் கட்டபொம்மனின் நண்பர் அல்ல. எல்லைத் தகராறு இருந்த போட்டியாளர். 1799-ல் கட்டபொம்மனைப் பிடித்து ஆங்கிலேயரிடம் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். ஆகவே அந்த ஒப்பீடு முழுதாகப் பொருந்தாது.

பெரியபுராணத்தில் வரும் மெய்ப்பொருள் நாயனார் கதை இன்னும் நெருங்கி வருகிறது. போரில் ஜெயிக்க முடியாத முத்தநாதன் திருநீறு பூசிச் சிவனடியார் வேடத்தில் வந்து, சுவடிக்கட்டில் மறைத்த கத்தியால் மன்னரைக் குத்தினான். கெத்செமனே தோட்டத்து முத்தத்தைப் போலவே அங்கேயும் மரியாதைச் சின்னம் ஆயுதமாகிறது. அவனைப் பத்திரமாக எல்லை தாண்டிவிட்டு வா என்று மெய்க்காவலன் தத்தனுக்கு மன்னர் சொன்னதும் "சிநேகிதனே" என்ற சொல்லை நினைவூட்டுகிறது. ஆனாலும் முத்தநாதன் எதிரிதான். நண்பனாக இருந்து மாறியவன் அல்ல.

உண்மையாகவே பொருந்துவது மதுரையில் நடந்தது. மருதநாயகம் என்று அறியப்படும் யூசுப்கான் கம்பெனிப் படையின் தளபதியாக உயர்ந்து, மதுரையையும் திருநெல்வேலியையும் நிர்வகித்து, பிறகு கம்பெனியையும் ஆற்காட்டு நவாபையும் எதிர்த்து நின்றவர். 1763-ல் மதுரைக் கோட்டை முற்றுகையிடப்பட்டது. 1764-ல் நேரடியாகத் தாக்கியும் கோட்டை விழவில்லை. பீரங்கியால் முடியாததைக் கூட இருந்தவர்கள் முடித்தார்கள். அவருடைய திவான் சீனிவாச ராவும், அவருக்காகப் போரிட்டுக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரர் மர்ச்சந்தும் சேர்ந்து அவரைப் பிடித்துக் கட்டி ஒப்படைத்தார்கள். தொழுகையில் இருந்த நேரத்தில் பிடித்தார்கள் என்று சொல்லப்படுகிறது. 1764 அக்டோபர் 15 அன்று மதுரைக்கு வெளியே தூக்கிலிடப்பட்டார். எந்த நேரத்தில் அவர் ஆயுதம் இல்லாமல் இருப்பார் என்பது வெளியே இருந்த தளபதிகளுக்குத் தெரியாது. உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியும்.

ஏன் செய்தான்?

புதிய ஏற்பாட்டு நூல்களை எழுதப்பட்ட வரிசையில் வைத்தால் ஒன்று புலப்படும். கி.பி. 50-களில் எழுதிய பவுல் அந்த இரவைக் குறிப்பிடுகிறார், யூதாஸ் பெயரே இல்லை. கி.பி. 70-ஐ ஒட்டி எழுதிய மாற்கு அவன் பெயரைச் சொல்கிறார், காரணம் சொல்லவில்லை. மத்தேயு பணத்தைப் பெரிதாக்குகிறார். லூக்கா சாத்தான் புகுந்தான் என்கிறார். கடைசியாக எழுதிய யோவான் சாத்தானையும் சொல்கிறார், திருடன் என்றும் சொல்கிறார். காலம் போகப் போக யூதாஸ் கறுத்துக்கொண்டே போகிறான்.

இதற்கு நேர் எதிரான ஒரு நூலும் உண்டு. எகிப்தில் கிடைத்த காப்டிக் மொழிச் சுவடியிலிருந்து 2006-ல் "யூதாஸின் நற்செய்தி" வெளியானது. அதில் யூதாஸ் மற்றவர்களைவிட அதிகம் அறிந்த சீடனாக வருகிறான். ஆனால் அது இரண்டாம் நூற்றாண்டில் ஒரு தனிப் பிரிவினர் எழுதியது. வரலாற்று யூதாஸைப் பற்றிப் புதிய சாட்சி எதையும் அது தருவதில்லை.

இன்னொரு கசப்பான வரலாறும் இருக்கிறது. யூதாஸ் என்ற பெயரும் யூதர் என்ற இனப்பெயரும் ஒன்றுபோல ஒலிப்பதால், ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் ஒருவனுடைய குற்றம் ஒரு இனத்தின் மேலேயே சுமத்தப்பட்டது. இயேசுவும் பேதுருவும் யோவானும் அதே இனத்தவர்தான் என்பது வசதியாக மறக்கப்பட்டது. இயேசுவின் மரணத்துக்கு யூதர்கள் எல்லோரையும் குற்றம் சாட்டக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை 1965-ல்தான் அதிகாரபூர்வமாக அறிவித்தது.

திருப்பிக் கொடுக்க முடியாத பணம்

இயேசுவுக்கு மரண தண்டனை என்று தெரிந்ததும் யூதாஸ் மனம் வருந்தினான் என்கிறார் மத்தேயு. பணத்தை எடுத்துக்கொண்டு குருமார்களிடம் போனான். குற்றமற்றவரைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டான். அது எங்கள் கவலை அல்ல என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். காசைக் கோவிலில் எறிந்துவிட்டுப் போய்த் தூக்கிட்டுக்கொண்டான். அப்போஸ்தலர் நடபடிகள் அவன் மரணத்தை வேறுவிதமாகச் சொல்கிறது. இரண்டு நூல்களும் ஒத்துப்போகும் இடம் ஒரு நிலம். "இரத்தநிலம்" என்ற பெயர் இரண்டிலும் வருகிறது.

குருமார்களால்கூட அந்தப் பணத்தைக் காணிக்கைப் பெட்டியில் போட முடியவில்லை. இரத்தத்தின் விலை என்பதால் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அவர்களே சொன்னார்கள். கடைசியில் அந்நியர்களைப் புதைக்க ஒரு குயவனின் நிலத்தை வாங்கினார்கள். கொடுத்தவனுக்கும் வேண்டாம், வாங்கியவனுக்கும் வேண்டாம் என்று ஆன பணம் அது.

அதே இரவில் பேதுருவும் தவறினார். அந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது என்று மூன்று முறை சொன்னார். சேவல் கூவியது, வெளியே போய் அழுதார். இருவருமே வருந்தினார்கள். வித்தியாசம் எங்கே? யூதாஸ் மன்னிப்புத் தேடிப் போனது தன்னிடம் சரக்கு வாங்கியவர்களிடம். அவர்களுக்கு அவனுடைய கண்ணீரில் எந்த அக்கறையும் இல்லை. பேதுரு அழுதுவிட்டு மற்றச் சீடர்களோடு இருந்தார். உயிர்த்த இயேசு கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டு, காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, என்மேல் அன்பாக இருக்கிறாயா என்று பேதுருவிடம் மூன்று முறை கேட்டார் என்று யோவான் எழுதுகிறார். மூன்று மறுப்புக்கு மூன்று கேள்வி.

இந்தப் பெயரின் முதல் சொந்தக்காரனையும் இங்கே நினைக்க வேண்டும். ஆதியாகமத்தில் யோசேப்பை அவனுடைய அண்ணன்மார் இருபது வெள்ளிக்காசுக்கு விற்றார்கள். விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவன் யூதா! ஆனால் அவன் வாழ்க்கை அதோடு முடியவில்லை. பல ஆண்டுகள் கழித்து எகிப்தில் தம்பி பென்யமீன் மாட்டிக்கொண்டபோது, இவனை விட்டுவிடுங்கள், இவனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று அதே யூதா முன்னால் வந்து நின்றான். தம்பியை விற்றவன் இன்னொரு தம்பிக்காகத் தன்னையே கொடுக்கத் துணிந்தான். அதைக் கேட்டுத்தான் யோசேப்பு உடைந்து அழுது, நான்தான் உங்கள் தம்பி என்று சொல்கிறான்.

அந்த யூதாவுக்குக் காலம் கிடைத்தது. இந்த யூதாஸ் தனக்கு அந்தக் காலத்தைக் கொடுத்துக்கொள்ளவில்லை. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்தால் அந்தக் கடற்கரைச் சாப்பாட்டில் அவனுக்கும் ஒரு மீன் இருந்திருக்குமா? பைபிள் பதில் சொல்லவில்லை. ஆனால் தோட்டத்தில் அவன் காதில் கடைசியாக விழுந்த வார்த்தைகளில் "சிநேகிதனே" என்பதும் ஒன்று.